இரண்டு நிமிடத்துக்கு ஒரு சாண்

செம்பூத்துப்பாளையத்தில் அந்த ஆனி மாதம் நடந்ததைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் "அப்படியா" என்பார்கள், கொஞ்சம் பொறுத்து "அதெப்படி" என்பார்கள். அதெப்படி என்பவர்களுக்குச் சொல்ல எங்களிடம் ஒன்றும் கிடையாது. அது நடந்துகொண்டிருந்த பதின்மூன்று நாளும் அதைப் பற்றி யோசிக்க எங்களுக்கு நேரம் வாய்க்கவில்லை, ஒரு கல்யாண வேலை தலைக்கு மேல் கிடந்தது.

ஊருக்குக் கிழக்கே சோளக்காட்டையெல்லாம் வாங்கி வளைத்து, கோயம்புத்தூர் பம்ப்செட் முதலாளி ஒருவர் பந்தயக் கார் ஓட்டும் தளம் கட்டியிருந்தார். இரண்டு கிலோமீட்டரும் இருநூறு மீட்டரும் நீளம், ஏழு வளைவு, வளைவுக்கு வளைவு பழைய டயர்களை அடுக்கிய சுவர். வருஷத்தில் நாலு நாள்தான் அசல் பந்தயம். மற்ற நாளெல்லாம் லீவுக்கு வருகிற ஆசாமிகளின் ராஜ்ஜியம். டிவியில் பந்தயம் பார்த்துப் பார்த்து, சோபாவில் உட்கார்ந்தபடியே வலது காலால் தரையை மிதித்து மிதித்துப் பெண்டாட்டியிடம் திட்டு வாங்கிய பல் டாக்டர்களும் ஜவுளிக்கடைக்காரர்களும் கம்ப்யூட்டர் பையன்களும் வருவார்கள்; நெருப்பு பிடிக்காத சிவப்பு அங்கியை மாட்டிக்கொண்டு இருபது போட்டோ எடுப்பார்கள்; பாடம் கேட்பார்கள்; ஒற்றை ஆள் உட்காரும் மேல்மூடி இல்லாத பந்தயக் காரில் ஒரே ஒரு சுற்று சுற்றிவிட்டு, இறங்கி, எங்கள் ஊர் இளநீரைக் குடித்துவிட்டு, இனிமேல் சாதாரணமாக வாழ முடியாது என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை சாதாரணமாக வேலைக்குப் போவார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து சேர்ந்தவர்தான் சென்னியப்பன். நெடுஞ்சாலைத் துறையில் ரோடு ரோலர் ஓட்டுநர், இருபத்தொன்பது வருஷ சர்வீஸ். அந்த இருபத்தொன்பது வருஷத்தில் லாரியும் பஸ்ஸும் அவரை முந்திப் போனதில் ஆச்சரியமில்லை; சைக்கிளும், தயிர்க்காரம்மாவும், ஒருமுறை சங்கும் சேகண்டியுமாக ஒரு சவ ஊர்வலமும் அவரை முந்திப் போயிருக்கின்றன. ஆனால் உலகத்தில் எந்த மூலையில் கார்ப் பந்தயம் நடந்தாலும் எந்த வளைவில் எவன் எவனை முந்தினான் என்று அவருக்குத் தெரியும். மகள் கோகிலவாணியின் கல்யாணத்துக்காக இருபது நாள் லீவு போட்டிருந்தார். எங்கள் ஊருக்கு அவர் வந்ததே, மனைவி தெய்வாத்தாளின் பெரியப்பன் மகன் ராக்கியப்பனுக்குப் பத்திரிகை வைக்கத்தான். வழியில் தளத்தின் கேட் திறந்திருந்தது, அதுதான் வினை.

"ரெண்டே நிமிஷம் அம்மிணி," என்றார் சென்னியப்பன், மொபெட்டை நிறுத்தி. "போனதும் தெரியாது வந்ததும் தெரியாது."

"இன்னும் நாப்பது வீடு கெடக்குதுங்க," என்றாள் தெய்வாத்தாள். பத்திரிகை இருந்த மஞ்சப் பையும் குங்குமச் சிமிழும் வெற்றிலைத் தட்டும் அவள் மடியில் இருந்தன. "ஒறம்பரை சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் பொழுதோட போகோணும். உங்க ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியாதுங்களா?"

"ரோலர்ல போனாத்தான அம்மிணி நேரமாகும்? இது வெசையாப் போறது."

காலை பத்து மணிக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் ஜெனிட்டா அவரைக் காரில் உட்கார வைத்து வாரால் இறுக்கினாள். குன்னூர்ப் பெண், இருபத்தெட்டு வயது, மூன்று கோப்பை ஜெயித்தவள். அவள் கடைசியாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அங்கிள், என்ன ஆனாலும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கக் கூடாது. முக்கியமா ஏழாவது வளைவுல. அங்க வளைஞ்சு முடிக்கிற வரைக்கும் எதிர்ல என்ன இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. கையை எடுத்தீங்கன்னா நேரா சுவருதான்." சென்னியப்பன் தலையாட்டினார், ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினார், கொடி விழுந்தது, மிதித்தார்.

கார் பாய்ந்து போனது, இரண்டு நிமிடத்துக்கு ஒரு சாண் வீதம்.

சத்தத்தில் குறையில்லை, ஆனால் ஒற்றை நீண்ட முனகலாக இருந்தது. வேகமுள் நூற்று இருபதைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. வேகத்தில் சென்னியப்பனின் கன்னத் தசை ஹெல்மெட்டுக்குள் பின்னால் இழுத்துக்கொண்டு நின்றது. பின் சக்கரம் கிளப்பிய ஒரு சின்னக் கல் அந்தரத்தில் மிதந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தரைக்கு வந்தது. அதற்குள் தெய்வாத்தாள் இரண்டு தடவை வாட்சைப் பார்த்து, காரின் பக்கத்தில் நடந்து போய், குனிந்து புருஷன் முகத்தைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் அவள் பார்த்ததில்லை.

"நல்லா இருக்கறாருங்க," என்று வந்து சொன்னாள். "ஆனா எப்ப வருவாருன்னுதான் தெரியலைங்க."

அதை ஜெனிட்டாதான் கணக்குப் போட்டாள். மணிக்கு ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சுற்று முடிவது பதின்மூன்றாம் நாள், சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்கு. கல்யாணமோ அதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை, காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். மாப்பிள்ளை நவநீதன் தோஹாவில் வேலை பார்க்கிறவன், ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறியாக வேண்டும். முகூர்த்தத்தைத் தள்ளலாமென்றால் ஆனியில் வேறு நாள் இல்லை, அடுத்து ஆடி.

முதலாளி பயந்துபோய் அன்றைக்கே ஒரு இரும்புத் தண்ணீர் டேங்கரைக் கொண்டுவந்து காருக்குக் குறுக்கே நிறுத்தினார். மெதுவாக வருகிற வண்டிதானே, முட்டினால் நின்றுவிடும் என்பது அவர் நினைப்பு. கார் வந்து தொட்டது. மெதுவாகத்தான் தொட்டது, ஆனால் வேகமுள் காட்டிய அத்தனை பலமும் அதற்குள் இருந்தது. அரை மணி நேரத்தில் டேங்கரின் வயிறு அப்பளமாக நொறுங்க ஆரம்பித்தது, சென்னியப்பனின் கழுத்தும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாய ஆரம்பித்தது. ஜெனிட்டா போட்ட கத்தலில் டிராக்டரைக் கட்டி டேங்கரை இழுத்துப் போட்டார்கள். நிறுத்தினால் ஆள் போய்விடுவார் என்று எல்லோருக்கும் அப்போது புரிந்தது. அதன் பிறகு யாரும் காரைத் தடுக்கவில்லை, வழியில் கிடந்த குச்சியைக்கூடப் பொறுக்கிப் போட்டோம்.

கல்லூரியிலிருந்து இயற்பியல் பேராசிரியர் ஒருவர் வந்தார், டேப் வைத்து அளந்தார், தலையைச் சொறிந்தார், ராக்கியப்பன் வீட்டில் பணியாரம் சாப்பிட்டுவிட்டுப் போனார். மூன்றாம் நாளுக்குள் ஊர் பழகிவிட்டது. அந்த முனகல் கேட்டால்தான் கைக்குழந்தைகள் தூங்கின. பால் சொசைட்டிக்காரர் "கார் ரெண்டாவது வளைவு திரும்பறதுக்குள்ள வந்துருங்க" என்று நேரம் சொல்ல ஆரம்பித்தார். வெயிலுக்காக நாலு மூங்கில் நட்டு ஓலைப் பந்தல் போட்டு, கார் நகர நகரப் பந்தலையும் பிடுங்கிப் பிடுங்கி நட்டோம். அப்புறம் யாரோ சக்கரத்துக்கு முன்னால் ஒரு தேங்காயை உடைத்தார்கள். மெதுவாக நகர்கிற, சத்தம் போடுகிற, மேலே பந்தல் உள்ள, உள்ளே ஒருவர் அசையாமல் சிரித்துக்கொண்டிருக்கிற ஒன்றை எங்களுக்கு வேறு எப்படிக் கும்பிடாமல் விடுவதென்று தெரியவில்லை. எங்கள் மாகாளியம்மன் தேர் ஓடிப் பதினாலு வருஷமாகியிருந்தது. முதல் வடம் பிடிப்பது மேலத்தெருவா கீழத்தெருவா என்ற சண்டையில் தேர்க்கொட்டகைக்கு ஆளுக்கொரு பூட்டாக இரண்டு பூட்டு போட்டு, ஒரு சாவி மேலத்தெருவிலும் ஒரு சாவி கீழத்தெருவிலும் இருந்தது. கார் வந்ததும் அந்தச் சண்டை தேரை விட்டுவிட்டுக் காருக்கு மாறியது. கீழத்தெருவில் கேட் இருப்பதால் கார் தங்களுடையது என்றது கீழத்தெரு. சென்னியப்பன் பத்திரிகை வைக்க வந்ததே மேலத்தெரு ராக்கியப்பன் வீட்டுக்கு என்றது மேலத்தெரு.

தெய்வாத்தாளுக்கு இது எதிலும் புத்தி போகவில்லை. காலையில் புருஷனை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மீதி நாற்பது வீட்டுக்கும் அவளே ராக்கியப்பனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரிகை வைத்தாள். "அவரு வரலீங்களா?" என்று கேட்ட வீட்டிலெல்லாம் "வந்துட்டே இருக்கறாருங்க" என்றாள். அது பொய்யில்லை.

கோகிலவாணி மட்டும் அழுதுகொண்டே இருந்தாள். "அப்பா கையால தாரை வார்த்துக் குடுத்தாத்தான் தாலி," என்றாள். "இல்லீன்னா வேண்டாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

மாப்பிள்ளையின் அப்பா பொங்கியண்ணன் நல்ல மனுஷர்தான், ஆனால் அவருக்கும் ஒரு எல்லை இருந்தது. "அம்மிணி, சித்தப்பன் பெரியப்பன் கையால வார்த்துக்கலாம், ஊர்ல நடக்காததா? அடுத்த வருஷமெல்லாம் ஆவறதில்லைங்க. பையனுக்கு வேற எடம் பாக்கச் சொல்லி எங்கூட்டுல பேச்சு கெளம்பிரும்."

நவநீதன்தான் ஒரு வழி சொன்னான். கல்யாணத்தை மண்டபத்திலிருந்து தளத்துக்கு மாற்றுவது. வெள்ளிக்கிழமை காலையில் கார் ஏழாவது வளைவில் இருக்கும், வளைவின் உள்பக்கம் மணவறை போட்டால் முகூர்த்தத்துக்குள் கார் மணவறையை ஒட்டி வந்துவிடும். பெரியவருக்கு முன்கூட்டியே விஷயத்தைத் தெரிவித்துவிட்டால் அவரே கையை நீட்டுவார். தெரிவிப்பதற்கு எங்கள் ஊருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: ஃபிளெக்ஸ்.

ஐந்தாவது வளைவு தாண்டியதும் முப்பதடி ஃபிளெக்ஸ் வைத்தோம். "அப்பா, ஏழாவது வளைவில் எனக்குக் கல்யாணம், வலது கையை நீட்டவும்" என்பதுதான் செய்தி. ஆனால் ஃபிளெக்ஸ் என்று வந்துவிட்டால் பெரியப்பாவைப் போட்டு மாமாவை விட முடியுமா? மேலத்தெருத் தலைவரைப் போட்டுக் கீழத்தெருத் தலைவரை விட முடியுமா? கடைசியில் ஐம்பத்திரண்டு பேர் கைகூப்பி நின்றார்கள், மேலே "வருக வருக" இருந்தது, செய்தி கீழே ஓரத்தில் கடுகாகக் கிடந்தது. புதன்கிழமை முழுக்க சென்னியப்பன் அதைக் கடந்து போனார். அவர் கண் ஒரு நூல் அளவுகூடத் திரும்பவில்லை.

"எப்படித் திரும்பும்?" என்றாள் ஜெனிட்டா. "அவருக்கு அது ஒரு நொடிகூட இல்ல." வியாழக்கிழமை சாயங்காலம் அவள் தெய்வாத்தாளையும் கோகிலவாணியையும் உட்கார வைத்து, மனதில் இருந்ததைச் சொன்னாள். "நம்ம ஒன்றரை மணி நேர முகூர்த்தம் அவருக்கு அரை நொடி. அந்த அரை நொடியில அவர் கண்ணு பார்க்கணும், அது யாருன்னு மனசுக்குத் தெரியணும், கை எழும்பணும். கோப்பை ஜெயிச்சவங்களுக்கே கஷ்டம். அங்கிளுக்கு அம்பத்தாறு வயசு, ரோடு ரோலர் ஓட்டுறவர். அதை விடுங்க. ஒருவேளை கையை எடுத்துட்டார்னு வைங்க. அந்த வளைவுல கையை எடுத்தா கார் கோட்டை விட்டு விலகி சுவர்ல போய் மோதும். டேங்கரைப் பார்த்தீங்கல்ல."

கோகிலவாணி முகம் செத்துப்போனது. "வேண்டாம்மா," என்றாள். "பெரியப்பாவே வார்க்கட்டும். நான் அவரு கண்ணுல படாம தள்ளி உக்காந்துக்கறேன்."

தெய்வாத்தாள், "ஏங்கண்ணு," என்று ஜெனிட்டாவைக் கேட்டாள், "கையை எடுத்தா, எவ்வளவு நேரத்துல சுவத்துல மோதும்?"

"அரை நொடி, முக்கால் நொடி."

"நம்ம நேரத்துல சொல்லு."

ஜெனிட்டா விரல் விட்டாள். "வெள்ளிக்கிழமை காலையில விலக ஆரம்பிச்சா, பத்து மணி ஆகும்."

"அப்ப ரெண்டரை மணி நேரம் இருக்குதல்லோ," என்றாள் தெய்வாத்தாள். எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, ராக்கியப்பனைப் பார்த்தாள். "அண்ணா, நீங்க தேருக்கு முட்டுக்கட்டை போடறவரு. நாலு தெரு மொடக்குலயும் அத்தாம்பெரிய தேரத் திருப்பி விட்டிருக்கறீங்க. இந்தக் காரத் திருப்ப முடியாதுங்களா?"

ராக்கியப்பன் காரைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார். பதினாலு வருஷமாகக் கோவில் திருவிழா அன்றைக்கு எதிலும் ஒட்டாமல் வீட்டில் படுத்துக் கிடப்பவர் அவர். தேர் ஓடும்போது சக்கரத்துக்கு அடியில் ஆப்பு மாதிரி மரக்கட்டையைக் கொடுத்து, எந்தப் பக்கம் கொடுக்கிறோமோ அதற்கேற்பத் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர் குடும்பத்து உரிமை. "திருப்பலாம்மா," என்றார். "புளியங்கட்டையா ஒரு வண்டி வேணும். கூடவே வடம் வேணும். முன்னால ஆளுங்க உள்பக்கமா இழுத்துப் புடிக்கோணும். சாதாக் கயிறு தாங்காது. தேர் வடந்தான் வேணும்."

தெய்வாத்தாள் நேராக மேலத்தெருத் தலைவர் வீட்டுக்குப் போனாள், பிறகு கீழத்தெருத் தலைவர் வீட்டுக்குப் போனாள். இரண்டு வீட்டிலும் வெற்றிலைத் தட்டில் பத்திரிகையை வைத்து நீட்டி ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள்: "எனக்குத் தேரும் வேண்டாம் சாமியும் வேண்டாமுங்க. கயிறு மட்டும் குடுங்க." பத்திரிகையோடு வந்து நிற்கிற பெண்ணிடம் இல்லை என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. பதினாலு வருஷப் பூட்டு இரண்டும் எண்ணெய் விட்டுத் திறக்கப்பட்டன. சாரைப்பாம்புக் குடும்பம் ஒன்று வெளியே போனது, வடம் வெளியே வந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஏழாவது வளைவின் உள்பக்கம், தார்ச் சாலையை ஒட்டி மணவறை. கார் பத்து மீட்டர் தள்ளி, முனகியபடி வந்துகொண்டிருந்தது. காரின் மூக்கில் இருந்த இழுவை வளையத்தில் வடத்தைக் கட்டிவிட்டிருந்தோம். சிவப்புக் கூறைப்பட்டும் மாலையுமாகக் கோகிலவாணி அப்பாவுக்கு எதிரில் வந்து நின்று, வலது கையை நீட்டினாள். கல்யாணத்தை நடத்தி வைக்கிற அருமைக்காரர் மேளத்தை நிறுத்தச் சொன்னார். அறுநூறு பேர் ஒரு மனிதரின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆறேகால். ஒன்றுமில்லை. ஆறரைக்குக் கண்ணின் கருவிழி நகர்ந்தது என்று முன்வரிசை சொன்னது, இல்லை என்று பின்வரிசை சொன்னது. ஆறு நாற்பதுக்கு எல்லோருக்கும் தெரிந்தது: நகர்ந்துகொண்டிருந்தது, கோகிலவாணியின் பக்கமாக. ஜெனிட்டா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். ஆறு ஐம்பதுக்கு அந்தச் சிரிப்பு கலைந்து, முகம் வேறொன்றாக மாற ஆரம்பித்தது. ஏழு மணிக்கு வலது கையின் சுண்டுவிரல் ஸ்டியரிங்கிலிருந்து எழும்பியது. சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு சுண்டுவிரல் எழும்பியதற்கு அறுநூறு பேர் குலவையிட்டோம். மோதிர விரல், நடுவிரல். ஏழு பத்துக்கு முழுக் கையும் விட்டது. கார் வந்துகொண்டே இருந்தது, கையும் வந்துகொண்டே இருந்தது. ஏழு இருபத்தொன்றுக்கு, கறுப்பு உறை போட்ட அந்தக் கை மகளின் உள்ளங்கைமேல் வந்து நின்றது. தெய்வாத்தாள் சொம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரை வார்த்தாள். தண்ணீர் அப்பா கை வழியாக மகள் கைக்கும், மகள் கை வழியாக மாப்பிள்ளை கைக்கும் இறங்கியது. ஏழு இருபத்தெட்டுக்குத் தாலி ஏறியது.

"கார் விலகுது!" என்று ஜெனிட்டா கத்தினாள்.

முன் சக்கரம் கோட்டைத் தாண்டி டயர்ச் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ராக்கியப்பன் முதல் கட்டையைக் கொடுத்தார், சுழலும் சக்கரம் அதைப் புகைய வைத்துத் தின்றது, இரண்டாவதைக் கொடுத்தார். வடத்தின் ஒரு பக்கம் மேலத்தெருவும் மறுபக்கம் கீழத்தெருவும் நின்றுகொண்டு, அப்போதும் வடத்தைத் தொடாமல், முதல் கை யாருடையது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோகிலவாணி மாலையோடு ஓடிவந்து, மஞ்சள் ஈரம் காயாத கையால் வடத்தை எடுத்தாள்.

"எங்கப்பன் சாகறாரு, நீங்க வரிசை பாக்கறீங்களா!"

அதன் பிறகு யார் எங்கே பிடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. சம்பந்தி பொங்கியண்ணனும் சமையல்காரர்களும் நாதஸ்வரக்காரரும்கூடப் பிடித்தார்கள். இழுத்தோம், முட்டுக்கொடுத்தோம், இழுத்தோம், முட்டுக்கொடுத்தோம். இலையில் போட்ட இட்லி ஆறிப்போக, பத்தொன்பது புளியங்கட்டைகள் கரியாக, பத்து மணிக்குச் சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது, பதினொன்றுக்கு ஒரு முழம் ஒரு சாண் இருந்தது. சென்னியப்பனின் கை திரும்பவும் ஸ்டியரிங்குக்குப் போய்ச் சேர்ந்தது. மத்தியானம் ஒரு மணிக்குக் கார் தன் கோட்டுக்கு வந்தது. கல்யாணப் பந்தி மூன்று மணிக்குத்தான் ஆரம்பித்தது, அவ்வளவு பசியோடு நாங்கள் எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கார் நிலை சேர்ந்தது. சேர்ந்ததும் முனகல் அறுந்தது, சென்னியப்பன் குதித்து இறங்கினார், ஹெல்மெட்டைக் கழற்றினார். எங்கள் கூட்டத்தை அவர் கவனிக்கவேயில்லை.

"பாத்தியா அம்மிணி, சொன்ன மாதிரி ரெண்டு நிமிஷத்துல வந்துட்டேன்," என்றார். "வா, வா, நாப்பது வீடு கெடக்குது."

தெய்வாத்தாள் மஞ்சப் பைக்குள் கையை விட்டாள்.

"ஒரு தப்புப் பண்ணிப்போட்டேன்," என்றார் அவர் ஜெனிட்டாவிடம், குரலைத் தாழ்த்தி. "கடைசி வளைவுல கையை எடுத்துட்டேன் கண்ணு. நம்ம கோகிலா கூறைப்பட்டு கட்டீட்டு நின்னு கையை நீட்டற மாதிரி இருந்துச்சு. சூடு தலைக்கேறிருச்சாட்ட இருக்குது. எடுக்கக் கூடாதுன்னு தெரியும். ஆனா புள்ளை கையை நீட்டுனா என்ன பண்றது?" சொல்லிக்கொண்டே கையுறையைக் கழற்றப் போனவர் நின்றார். அது ஈரமாக இருந்தது. முகர்ந்து பார்த்தார். மஞ்சள் வாசம்.

அப்போதுதான் கூட்டம் விலகியது, கழுத்தில் புதுத் தாலியோடு கோகிலவாணி நின்றாள், பக்கத்தில் நவநீதன் நின்றான். சென்னியப்பன் மகளைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி மகளைப் பார்த்தார். மஞ்சப் பையில் மிச்சமிருந்த ஒரே பத்திரிகையை எடுத்துத் தெய்வாத்தாள் அவரிடம் கொடுத்தாள். தேதியை அவர் இரண்டு தடவை படித்தார்.

"முடிஞ்சு போச்சா?" என்றார். "எம் புள்ளை கல்யாணம், நான் பாக்காம முடிஞ்சு போச்சா?"

"பாத்தீங்க," என்றாள் தெய்வாத்தாள். "நீங்கதான் தாரை வார்த்தீங்க. நாங்கெல்லாம் ஒன்றரை மணி நேரம் நின்னு பாத்தமுங்க."

"எனக்கு அரை நொடிதான அம்மிணி இருந்துச்சு."

"ஆமாங்க," என்றாள் அவள், பதின்மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் உடைந்தது. "கல்யாணமான நாள்ல இருந்து நீங்க எதையும் இத்தன வெசையாச் செஞ்சதில்லீங்க."

சென்னியப்பன் அந்த ஈரக் கையுறையைக் கழற்றவில்லை. மகள் நீட்டிய கையை அதோடுதான் பிடித்துக்கொண்டார், ரொம்ப நேரம் விடவேயில்லை.